அறிக்கை சொன்னதும் பலகை செய்ததும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரிய எண்கள்தான் முதலில் வந்து நிற்கும். 2022 செப்டம்பர் 1 அன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம், 2040களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 6.5 கோடி கொள்கலன் அலகுகளைக் கையாளும் என்பது திட்டம். தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட மிதக்கும் சூரியமின் நிலையம் 2021 முதல் இயங்குகிறது. 2017 ஜூன் 18 முதல் எம்ஆர்டி ரயில் துவாஸ் லிங்க் வரை ஓடுகிறது. இத்தகைய இடங்களில் பாரந்தூக்கியின் கட்டுப்பாட்டுப் பெட்டி, இன்வெர்ட்டர், உணரி, அறிவிப்புத் திரை என்று எதைத் திறந்து பார்த்தாலும், உயர் மின்னழுத்தத்திலிருந்து 5, 12 அல்லது 24 வோல்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் சிறிய பவர் சப்ளை ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். தேவை 100 வாட்டுக்கு உட்பட்டதாக இருந்தால் அது பெரும்பாலும் ஃப்ளைபேக் வகையைச் சேர்ந்தது. துவாஸின் தங்கும் விடுதிகளில் ஊழியர்களின் கட்டில் தலைமாட்டில் செருகியிருக்கும் கைப்பேசி சார்ஜருக்குள் இருப்பதும் அதே வகைதான். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்படும் மின்னணுச் சுற்றுகளில் ஒன்று இது. இதை வடிவமைத்துத் தர இன்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நான்கைந்து எண்களைக் கொடுத்தால் சில நிமிடங்களில் முழு வரைபடமும் கைக்கு வந்துவிடும். அப்படியும், அந்த வரைபடத்தைப் பார்த்துச் செய்த முதல் பலகை சொன்னபடி வேலை செய்வது அரிது. ஏன் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில் சுற்றின் வேலையைப் பார்த்துவிடுவோம். வீட்டு மின்சாரம் டையோடு பாலத்தில் நேராக்கப்பட்டு ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்கிறது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் இங்கே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாக நிற்கும். ஒரு மாஸ்ஃபெட் ஸ்விட்ச் மூடும்போது அந்த மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் விழுகிறது. சுருளில் மின்னோட்டம் நேர்கோடாக ஏறுகிறது. ஏறும் மின்னோட்டம் காந்தப்புலமாகச் சேமிப்பாகிறது. அப்போது இரண்டாம் பக்கத்து டையோடு அடைபட்டிருப்பதால் வெளியே எதுவும் போவதில்லை. ஸ்விட்ச் திறந்ததும் காந்தப்புலம் சரிகிறது, மின்னழுத்தம் திசை மாறுகிறது, சேர்ந்திருந்த ஆற்றல் இரண்டாம் சுருள் வழியாக வெளியே பாய்கிறது. கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் போலத்தான்: சால் நிரம்பும்போது வாய்க்காலில் நீர் விழாது, சாயும்போது கிணற்றிலிருந்து எதுவும் ஏறாது. இந்தச் சால் நொடிக்கு 65,000 முறை இறங்கி ஏறுகிறது என்பதுதான் வேறுபாடு. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில், கதிர் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் திரும்பும் கணத்தில் உயர் மின்னழுத்தம் பிறந்தது இதே வழியில்தான். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த சிறிய, சூடு குறைந்த பவர் சப்ளையும் ஃப்ளைபேக்தான். ஒரே ஒரு ஸ்விட்ச், ஒரே ஒரு காந்தப் பாகம், மின்வழியிலிருந்து முழுத் தனிமை: இந்த மூன்றும் மலிவாகக் கிடைப்பதால்தான் அது எங்கும் பரவியது. அந்தக் காந்தப் பாகத்தின் மேலேயே எல்லா வேலையும் சுமத்தப்பட்டிருப்பதால்தான் அது அடிக்கடி சண்டித்தனமும் செய்கிறது.

கணினியிடம் சுற்றைக் கொடுத்து அதன் நடத்தையைக் கணிக்கச் சொல்லும் வழக்கம், 1973இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல், டொனால்ட் பெடர்சன் ஆகியோரின் முயற்சியில் வெளியான ஸ்பைஸ் மென்பொருளோடு வேரூன்றியது. ஆனால் ஸ்பைஸுக்கு நாம் வரைந்து கொடுக்க வேண்டும். தேவையைச் சொன்னால் சுற்றையே வரைந்து தரும் கருவிகள் பின்னால் வந்தன. 1968இல் சிங்கப்பூருக்கு வந்து இத்தீவின் செமிகண்டக்டர் தொழிலுக்கு அடிகோலிய நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம், 1999இல் வெபென்ச் என்ற கருவியை இணையத்தில் வைத்தது. 2011இல் அந்த நிறுவனம் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கைக்குப் போனபோது கருவியும் கூடவே போனது. பவர் இன்டகிரேஷன்ஸ் நிறுவனத்தின் பிஐ எக்ஸ்பர்ட் டிரான்ஸ்ஃபார்மரை எப்படிச் சுற்றுவது என்பதுவரை எழுதித் தரும். இவை எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே கணக்கு. 85 முதல் 265 வோல்ட் வரை எந்த மின்சாரத்திலும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் பவர் சப்ளை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 24 வாட். செயல்திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே ஏறத்தாழ 28 வாட். அதிர்வெண் 65 கிலோஹெர்ட்ஸ்; இதன் இரட்டிப்பு 130, மின்காந்தக் குறுக்கீட்டு வரம்புகள் தொடங்கும் 150 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே தப்பிவிடும் என்பதால் பலரும் இந்த எண்ணை எடுப்பார்கள். முதன்மைத் தூண்டல் 600 மைக்ரோஹென்றி என்று எடுத்தால் உச்ச மின்னோட்டம் 1.2 ஆம்பியர் வரும். 52 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள ஃபெரைட் கோரில் முதன்மைக்கு 56 சுற்று, இரண்டாம் பக்கத்துக்கு 7 சுற்று, கோரின் நடுக்காலில் 0.34 மில்லிமீட்டர் காற்றிடைவெளி. மென்பொருளின் அறிக்கை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதில் கணக்குப் பிழை இருக்காது.

கணக்குப் பிழை இல்லாத அறிக்கையிலிருந்து பிழையான பலகை வருகிறது என்றால், தவறு கணக்குக்கும் பலகைக்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும். இரண்டையும் இணைப்பவை அனுமானங்கள். இடைவெளி நடுக்காலில் மட்டும் இருக்கும், இரண்டு சுருள்களும் நெருக்கமாகச் சுற்றப்படும், கெப்பாசிட்டர் சொன்ன மதிப்பில் இருக்கும், சுற்றுப்புறம் 25 அல்லது 30 டிகிரியில் இருக்கும் என்று மென்பொருள் தானாக எடுத்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்று உடைந்தால் அறிக்கையின் குறிப்பிட்ட சில எண்கள் மட்டும் உடையும். மற்றவை அப்படியே நிற்கும். ஆகவே பழுது தேடுகிறவர் மென்பொருளின் அறிக்கையைச் செய்முறைக் குறிப்பாகப் படிப்பதைவிட, சோதித்துப் பார்க்க வேண்டிய கணிப்புகளின் பட்டியலாகப் படிப்பதே பயன் தரும் என்பது என் வாதம். எந்த எண் முதலில் விலகுகிறதோ அதுவே உடைந்த அனுமானத்தின் முகவரி. மேலே போட்ட கணக்கை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மிகப் பரவலான முறையீடு இது: சுமை இல்லாதபோது 12 வோல்ட் சரியாக நிற்கிறது, 1.5 ஆம்பியரைத் தாண்டியதும் சரிந்துவிடுகிறது. கன்ட்ரோலர் சிப்பை மாற்றுவது, பெரிய மாஸ்ஃபெட் போடுவது, வெளிப்பக்கம் கெப்பாசிட்டர் சேர்ப்பது என்று கை பரபரக்கும். அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் வேறு கேள்வி கேட்பார்: 100 வோல்ட்டிலும் 230 வோல்ட்டிலும் ஒரே சுமையில்தான் சரிகிறதா? ஆம் என்றால் உள்ளீட்டு மின்னழுத்தத்துக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் சேமிப்பு முழுதாகக் காலியாகும் ஃப்ளைபேக்கில் கடத்தப்படும் திறன் தூண்டல், உச்ச மின்னோட்டத்தின் வர்க்கம், அதிர்வெண் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் வருவது; மின்னழுத்தம் அதில் இல்லை. அதிர்வெண்ணை சிப் பார்த்துக்கொள்கிறது, உச்ச மின்னோட்டத்துக்கு 1.5 ஆம்பியரில் வரம்பு இருக்கிறது, ஆக மிஞ்சுவது தூண்டல். ஸ்விட்சுக்குக் கீழே இருக்கும் சிறு மின்தடையில் ஆசில்லோஸ்கோப்பை வைத்து மின்னோட்டம் ஏறும் சாய்வைப் பார்த்தால் போதும். 325 வோல்ட்டில் 600 மைக்ரோஹென்றி இருந்தால் மைக்ரோநொடிக்கு 0.54 ஆம்பியர் ஏற வேண்டும். 1.08 ஏறினால் தூண்டல் பாதிதான். காரணம் பெரும்பாலும் காகிதத் துண்டுதான். அறிக்கை சொன்ன 0.34 மில்லிமீட்டர், கோரின் நடுக்காலை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டிய அளவு. தேய்க்க வசதியில்லாமல் அதே தடிமனுள்ள இன்சுலேஷன் தாளை எல்லாக் கால்களுக்கும் இடையில் வைத்துவிட்டால், காந்தப்பாயம் நடுக்காலில் ஒரு முறையும் பக்கக்காலில் மறுமுறையும் இடைவெளியைத் தாண்ட நேர்கிறது. மொத்த இடைவெளி இரட்டிப்பாகி, தூண்டல் ஏறத்தாழ பாதியாகிவிடும். 300 மைக்ரோஹென்றியும் 1.5 ஆம்பியர் வரம்பும் சேர்ந்தால் உள்ளே 22 வாட்டுக்கு மேல் போக முடியாது. வெளியே 12 வோல்ட்டில் 1.55 ஆம்பியரோடு கதை முடிகிறது. முறையீட்டில் இருந்த எண் அப்படியே கணக்கில் வந்து விழுகிறது. தாளின் தடிமனைப் பாதியாக்கினால் பழுது தீரும்.

இதே பழுதை இன்னொரு விதத்திலும் 'சரி' செய்யலாம். நடைமுறையில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். மின்னோட்ட வரம்பை 1.5இலிருந்து 1.9 ஆம்பியராக உயர்த்தினால், தூண்டல் பாதியாக இருந்தும் 24 வாட் வந்துவிடும். உச்ச மின்னோட்டம் 1.7ஐத் தொடும், வர்க்கக் கணக்கில் கசிவு ஆற்றல் இரட்டிப்பாகும், கொஞ்சம் சூடாகும், ஆனால் ஓடும். ஆபத்து அடுத்த தொகுதியில்தான் இருக்கிறது. சரியாகத் தேய்த்த கோரோடு 600 மைக்ரோஹென்றி டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேரும்போது, தொடக்கத்திலோ குறுக்குச்சுற்றிலோ மின்னோட்டம் 1.9 ஆம்பியரைத் தொட்டால் கோரில் காந்தப்பாய அடர்த்தி 0.39 டெஸ்லாவை எட்டும். என்87 போன்ற பவர் ஃபெரைட் 25 டிகிரியில் 0.49 டெஸ்லா வரை தாங்கும். 100 டிகிரியில் 0.39தான். அதாவது குளிர்ந்த மேசையில் சோதித்தபோது பிழைத்த பலகை, சூடான பெட்டிக்குள் கோர் நிறைவடைந்து, தூண்டல் சட்டென விழுந்து, மாஸ்ஃபெட்டோடு சேர்ந்து போகும். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பலகைதான் எரிகிறது என்பதால் பழியும் தவறான இடத்தில் போய் விழும். அறிகுறியை அடக்கிவிட்டு அனுமானத்தைத் தொடாமல் விட்டால் விளைவு இதுதான்.

அடுத்தது கசிவுத் தூண்டல். முதன்மைச் சுருளின் காந்தப்புலம் முழுவதும் இரண்டாம் சுருளைத் தொடுவதில்லை. தொடாத பகுதியின் ஆற்றல் வெளியே போக வழியின்றி ஸ்விட்சின் மேலேயே மின்னழுத்தக் கூர்முனையாகப் பாய்கிறது. அதை விழுங்க ஒரு டையோடு, மின்தடை, கெப்பாசிட்டர் கொண்ட கிளாம்ப் சுற்றை மென்பொருள் போட்டுத் தரும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் கசிவு பொதுவாக 1 முதல் 3 சதவீதம். நம் எடுத்துக்காட்டில் 2 சதவீதம் என்றால் 12 மைக்ரோஹென்றி. கிளாம்ப் 180 வோல்ட்டில் நிற்கும், 1.26 வாட் வீணாகும், அதற்கு 25.7 கிலோஓம் மின்தடை போதும். 265 வோல்ட் மின்சாரத்தில் ஸ்விட்ச் தாங்க வேண்டியது 375உம் 180உம் சேர்ந்து 555 வோல்ட். 650 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்கு 95 வோல்ட் இடம் மிச்சம். இப்போது டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியவர், முதன்மை முழுவதையும் கீழே சுற்றி, மேலே தடிமனாக டேப் போட்டு, அதற்கு மேல் இரண்டாம் சுருளை வைத்தார் என்று கொள்வோம். கசிவு 5 சதவீதமாகிறது. அதே மின்தடையில் கிளாம்ப் 246 வோல்ட்டுக்கு ஏறும், வீணாகும் திறன் 2.35 வாட்டாகும், ஸ்விட்சின் மேல் 621 வோல்ட். மிச்சம் 29 வோல்ட்தான். 2 வாட் மின்தடை கருகும். ஒருநாள் மின்வழியில் சிறு எழுச்சி வந்தால் மாஸ்ஃபெட் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பலகையை எரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் சுருளின் முனைகளைக் குறுக்கே இணைத்துவிட்டு முதன்மையில் எல்சிஆர் மீட்டரை வைத்தால் கசிவு நேரடியாகத் தெரியும். முதன்மையின் பாதியைக் கீழேயும் பாதியை மேலேயும் வைத்து இரண்டாம் சுருளை நடுவில் சுற்றினால் கசிவு இறங்கும். ஆனால் அப்போது இரு பக்கங்களுக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ் கூடி, குறுக்கீட்டுச் சோதனையில் இடிக்கும். 230 வோல்ட் மின்வழிக்குப் பாதுகாப்பு விதிகள் பொதுவாகக் கேட்கும் 5 மில்லிமீட்டர் மேற்பரப்பு இடைவெளியைக் கொடுக்க ஓரங்களில் டேப் வைத்தால் கசிவு மறுபடி ஏறும். இந்த மூன்று தேவைகளுக்கும் இடையில் சமரசம் செய்வது சுற்றுபவரின் கை. அது மென்பொருளின் எந்தக் கட்டத்திலும் நிரப்பப்படுவதில்லை.

மூன்றாவது அனுமானம் துவாஸின் சோதனை மேசையில் உடைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தனிக் கவனம் கேட்கிறது. சிங்கப்பூரின் மின்வழங்கல் 230 வோல்ட், 6 சதவீதம் மேலே கீழே. அதாவது 216க்கும் 244க்கும் இடையில். ஆனால் ஏற்றுமதிக்குப் போகும் பவர் சப்ளை ஜப்பானின் 100 வோல்ட்டிலும் ஓட வேண்டும். அதன் கீழ் எல்லைதான் 85. அந்த எல்லையில் டையோடு பாலத்துக்குப் பின் உச்சம் 120 வோல்ட். அடுத்த உச்சம் வரும்வரை கெப்பாசிட்டர் தனியாகச் சுமையைத் தாங்குகிறது. 100 மைக்ரோஃபேரட் இருந்தால் அடிமட்டம் ஏறத்தாழ 100 வோல்ட்டில் நிற்கும். ஜாலான் புசார் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் எந்த மதிப்பிலும் கெப்பாசிட்டர் கிடைக்கும். ஆனால் 400 வோல்ட், 100 மைக்ரோஃபேரட் உருளை பெட்டிக்குள் அடங்காமல் 47ஐப் போட்டுவிட்டால் அடிமட்டம் 73 வோல்ட்டுக்கு இறங்கும். அங்கே காந்தப்புலம் நிரம்பவும் காலியாகவும் 17 மைக்ரோநொடி வேண்டும். ஒரு சுழற்சியின் நீளமோ 15.4தான். சேமிப்பு காலியாவதற்குள் அடுத்த நிரப்பல் தொடங்குகிறது. ஸ்விட்ச் மூடியிருக்கும் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டி 58ஐத் தொடுகிறது. யூசி3842 போன்ற உச்ச மின்னோட்டக் கட்டுப்பாட்டு சிப்பில் சரிவு ஈடுகட்டல் இல்லாவிட்டால், இந்த நிலையில் துடிப்புகள் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று மாறிமாறி வரத் தொடங்கும். மின்வழியின் ஒவ்வொரு பள்ளத்திலும் இது நிகழ்வதால் நொடிக்கு நூறு முறை பலகை உறுமும். 230 வோல்ட்டில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தாலும் இந்த உறுமல் கேட்காது. இங்கே தேறி டோக்கியோவில் தோற்கும் பலகையைப் பற்றிய உண்மை அறிக்கையின் ஒரே வரியில் இருக்கிறது: குறைந்தபட்ச நேர்மின்னழுத்தம் 100 வோல்ட். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை 85இல் வைத்து அந்த ஒரு எண்ணை அளந்திருந்தால் போதும்.

வெப்பம் வேறு மாதிரிக் கெடுக்கும். முன் சொன்னவை முதல் நாளிலேயே காட்டிக்கொடுக்கக் கூடியவை. இது மாதக்கணக்கில் காத்திருக்கும். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் கையாளும் விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், சுற்றுப்புறம் 30 டிகிரியாகவும் அதன் உடல் 65 டிகிரியாகவும் இருந்தால் 32,000 மணி நேரம் உழைக்கும். அதே பலகையைத் துவாஸின் வெயிலில் நிற்கும் மூடிய உலோகப் பெட்டிக்குள் வைத்தால் உள்ளே 50 டிகிரி ஆவது சாதாரணம். கெப்பாசிட்டர் 85ஐத் தொடும். ஆயுள் 8,000 மணி, இடைவிடாமல் ஓடினால் பதினோரு மாதம். மென்பொருளில் சுற்றுப்புற வெப்பம் என்ற கட்டம் இருக்கிறது. அதில் ஏற்கெனவே ஓர் எண் நிரப்பப்பட்டிருப்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. வெளியீட்டின் நிலையை ஒளி வழியாக முதன்மைப் பக்கத்துக்குச் சொல்லும் ஆப்டோகப்ளரின் கதையும் இதற்கு நெருக்கமானது. பிசி817 வகையின் கடத்தல் விகிதம், தரப்பிரிவைப் பொறுத்து 50 முதல் 600 சதவீதம் வரை வேறுபடும். பழகப் பழகக் குறையவும் செய்யும். பின்னூட்டச் சுற்றை ஒரு விகிதத்துக்குக் கணக்கிட்டுவிட்டு வேறு பிரிவு ஆப்டோகப்ளரைப் போட்டால், காகிதத்தில் அசையாமல் நின்ற வெளியீடு பலகையில் ஆடும்.

இதற்கெல்லாம் எழும் முதல் மறுப்பு நியாயமானது: மென்பொருள் வளர்ந்துகொண்டே இருக்கிறது, கசிவையும் வெப்பத்தையும் அதுவே கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்தப் பேச்சே தேவைப்படாதே? ஓரளவு அது நடந்துவிட்டது. அட்டவணையில் உள்ள ஆயத்த டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தெடுத்தால் அதன் கசிவு மென்பொருளுக்கு முன்பே தெரியும். அங்கே மேலே சொன்ன பழுதுகளில் பாதி பிறப்பதே இல்லை. ஆனால் மென்பொருளுக்குள் இருக்கும் இயற்பியலுக்கும் எல்லை உண்டு. கோர் இழப்பைக் கணிக்கும் சூத்திரத்தின் வேர் 1892இல் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் எழுதியது. உற்பத்தியாளர்கள் தரும் எண்கள் சைன் அலைக்கு அளந்தவை. ஃப்ளைபேக்கின் கோரில் ஓடுவது ஒரே பக்கம் சாய்ந்த முக்கோண அலை. அலைவடிவத்துக்கான திருத்தம் 2002இல் முறையாக வந்தது. ஆனால் ஒருபக்கச் சாய்வால் கூடும் இழப்பு அதில் அடங்காது. சுருளில் உயர் அதிர்வெண் இழப்பைச் சொல்லும் டவலின் 1966ஆம் ஆண்டுச் சமன்பாடு, காந்தப்புலம் ஒரே திசையில் ஒழுங்காக ஓடும் என்று கொள்கிறது. காற்றிடைவெளியின் ஓரத்தில் புடைத்து வெளியேறும் புலம் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே மென்பொருள் எவ்வளவு வளர்ந்தாலும் அனுமானங்கள் இடம் மாறுமே ஒழிய ஒழியாது. எந்த அனுமானம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வேலையும் ஒழியாது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: அப்படியானால் அனுபவசாலியின் கைதான் பெரிது, மென்பொருளை நம்புவதே பிழை. இதில் மறைந்திருப்பது ஒரு மயக்கம். அனுபவசாலி காகிதத்தில் போடும் கணக்கும் அதே சமன்பாடுகள்தான். அவரும் கசிவை 2 சதவீதம் என்றுதான் எழுதுவார். அவரிடம் கூடுதலாக இருப்பது எந்த அனுமானம் அடிக்கடி உடையும் என்ற அறிவு, அது எழுதி வைக்கக் கூடியது, கற்றுக்கொடுக்கக் கூடியது. மென்பொருள் தரும் அறிக்கை இல்லாமல் பழுது தேடுகிறவருக்கு 1.08 ஆம்பியர் சாய்வு நல்லதா கெட்டதா என்று சொல்ல அளவுகோலே கிடையாது. மூன்றாவதாக, ஆயத்தப் பவர் சப்ளையை வாங்கிப் போட்டால் போயிற்று என்பார்கள். ஒன்றிரண்டு கருவிக்கு அதுவே சரியான முடிவு. சிங்கப்பூரில் ஏசி அடாப்டர்கள் பாதுகாப்புக் குறி பெற்றே விற்கப்பட வேண்டும் என்பதால் அந்த வழியில் தரமும் ஓரளவு உறுதி. ஆனாலும் வாங்கிய பெட்டியின் தரவுத்தாளில், இன்ன வெப்பத்துக்கு மேல் திறனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சரியும் ஒரு கோடு இருக்கும். அனுமானங்களைப் படிக்கும் கடமை அங்கேயும் நம்மை விடுவதில்லை.

அளப்பதும் ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆசில்லோஸ்கோப்பின் தரைக்கிளிப் பூமி இணைப்போடு ஒட்டியது. அதை முதன்மைப் பக்கத்தில் மாட்டினால் டையோடு பாலம் வழியாக மின்வழியே குறுக்குச்சுற்றாகும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஃபரென்ஷியல் புரோப் இல்லாமல் அந்தப் பக்கம் கைவைக்கக் கூடாது. 325 வோல்ட் ஏறிய 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரில் 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது அங்கேயே காத்திருக்கும். பழுது பார்ப்பவர்கள் பாதுகாப்புக்காகத் தொடரில் போடும் சீரீஸ் பல்பு நல்ல பழக்கம்தான். ஆனால் பவர் சப்ளை சமதிறன் சுமை. உள்ளே மின்னழுத்தம் குறைந்தால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், பல்பு இன்னும் எரியும், மின்னழுத்தம் இன்னும் விழும். யூசி3842 தொடங்க 16 வோல்ட் கேட்டு, 10 வோல்ட்டில் நின்றுவிடும் சிப். அது தொடங்கி நின்று, தொடங்கி நின்று 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்ளும். சிப்புக்கு மின்சாரம் தரும் துணைச் சுருளின் முனைகளை மாற்றி இணைத்தாலும் இதே சத்தம்தான் வரும். பல்பை எடுத்துவிட்டால் போகும் சத்தம் எது, எடுத்த பின்னும் நிற்கும் சத்தம் எது என்று பிரித்தறியாவிட்டால், இல்லாத பழுதைத் தேடிப் பலகையைப் பாழாக்க நேரும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேலைமுறை தானாக உருவாகிறது. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே டிரான்ஸ்ஃபார்மரின் தூண்டலையும் கசிவையும் அளந்து அறிக்கையோடு ஒப்பிடுவது. குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி கெப்பாசிட்டரின் அடிமட்டத்தைப் பார்ப்பது. மின்னோட்டத்தின் சாய்வையும் உச்சத்தையும் பார்ப்பது. ஸ்விட்சின் மேல் ஏறும் கூர்முனையைப் பார்ப்பது. கடைசியில், நிஜமான பெட்டிக்குள், நிஜமான வெப்பத்தில் ஓட்டுவது. ஒவ்வொரு படியிலும் ஓர் எண், ஒரு கணிப்பு. முதல் விலகலில் நின்றுவிட வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இதில் பெரும்பாலோர் விட்டுவிடும் கடைசிப் படி ஒன்று உண்டு. அளந்த கசிவு, அளந்த கெப்பாசிட்டர் மதிப்பு, அளந்த வெப்பம் ஆகியவற்றை மென்பொருளில் மீண்டும் உள்ளிட்டு அதை இரண்டாம் முறை ஓட்டுவது. முதல் ஓட்டத்தில் அந்தக் கட்டங்களில் இருந்தவை மென்பொருளின் ஊகங்கள். இரண்டாம் ஓட்டத்தில் இருப்பவை நம் பலகையின் உண்மைகள். அப்போது வரும் அறிக்கையும் பலகையும் ஒத்துப்போனால் வடிவமைப்பு முடிந்தது என்று துணிந்து சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால், இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஓர் அனுமானம் பாக்கி இருக்கிறது என்று பொருள். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் விலகிய எண்ணே சொல்லிவிடும்.